அடியும் சிரிப்பும் ஒரே தாளத்தில்

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம்.

எண்பதுகளின் பொலிஸ் சண்டை நகைச்சுவைப் படங்களை ஆட்கள் இன்னும் பார்ப்பதற்குக் காரணம் பழைய ஞாபகம்தான் என்ற கருத்து சினிமாப் பக்கங்களில் அடிக்கடி தலைகாட்டுகிறது. ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஞாபகம்தான் காரணம் என்றால், வீடியோ டெக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, விடிய விடிய மூன்று படம் ஓடவிட்ட தலைமுறையோடு அந்த ஆசை அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லையே. வீடியோ கசெட் என்றால் என்னவென்று கேட்கும் பிள்ளைகளும், "பொலிஸ் ஸ்டோரி"யில் ஜாக்கி சான் குடைப்பிடியை மாட்டிக்கொண்டு இரட்டைத்தட்டு பஸ்ஸில் தொங்கும் துண்டை மொபைலில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள். அந்தப் படம் வந்த 1985 ஆம் ஆண்டைப் பற்றி ஞாபகம் வைத்திருக்க அவர்களுக்கு ஒன்றுமில்லை.

அவர்களைப் பிடித்து இருத்துவது வேலைப்பாடு. அது எங்கே இருக்கிறது, நம்முடைய இளைஞர்கள் எடுக்கும் குறும்படங்களில் ஏன் கைநழுவிப் போகிறது, தொலைக்காட்சிகள் அதை எப்படிப் பாழாக்குகின்றன என்பவற்றைச் சொல்லவே இக்கடிதம். கொஞ்சம் நீளம்தான். வெட்டத்தான் வேண்டுமென்றால் கடைசிப் பகுதியை மட்டும் விட்டுவையுங்கள்.

முதலில், பொலிஸ் எதற்கு? தபாற்காரரை வைத்தும் வாத்தியாரை வைத்தும் சிரிப்புப் படம் எடுக்கலாம், எடுத்துமிருக்கிறார்கள். ஆனாலும் நூறு வருடத்துக்கு மேலாகத் திரும்பத் திரும்பப் பொலிஸ்காரரிடமே வந்து நிற்கிறார்கள். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை (தம்மை ஆள்பவர்). கள்ளனும் பயம்; கள்ளனைப் பிடிக்க அதிகாரம் பெற்ற தரப்பும் பயம். இந்த இரண்டு பயங்களும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஒரே திரையில் ஓடுவது பொலிஸ் படத்தில்தான். நகை பிறக்க அதே நூல் சொல்லும் நான்கில் முதலாவது எள்ளல். எள்ளலுக்கு எதிரில் ஓர் உயரம் வேண்டும். சாறன் கட்டிய ஒருவர் சேற்றில் விழுந்தால் ஓடிப்போய்க் கைகொடுக்கத் தோன்றும். அயன் பண்ணிய காக்கியும் மினுங்கும் சப்பாத்துமாக, பக்கத்தில் நிற்பவரை அதட்டிக்கொண்டு வந்தவர் விழுந்தால்தான் சிரிப்பு.

இலங்கையின் கிழக்கில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்ற ஊர்களில், சீருடையைப் பார்த்துச் சிரிப்பது சும்மா நடக்கிற காரியமில்லை. ஹொங்கொங் பொலிஸின் தொப்பியும் டெட்ரொயிட் பொலிஸின் பட்டியும் தூரத்து ஊர் உடுப்பு. அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கலாம். யாரும் பெயர் கேட்க வரமாட்டார்கள். உள்ளூர்ப் பொலிஸை வைத்து ஒரு வரி வசனம் எழுதவே கை தயங்கிய காலத்தில் அந்தப் படங்கள் செய்த வேலை இது. அவற்றை "மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்க்கும் படங்கள்" என்பவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இந்த வகை பேசாப் படக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1912 இல் மக் செனட் ஆரம்பித்த கீஸ்டோன் நிறுவனத்தின் பொலிஸ் கூட்டம், ஒரே வண்டியில் அளவுக்கு மீறி ஏறி வளைவுகளில் உதிர்ந்துகொண்டே போகும். அங்கே ஆளுக்கு ஆள் வித்தியாசமில்லை, கூட்டமே கோமாளி. அந்தக் குழப்பத்தைக் கணக்காக்கியவர் பஸ்டர் கீற்றன். 1922 இல் அவர் எடுத்த "கொப்ஸ்" இருபது நிமிடத்துக்கும் குறைவான படம். அதில் ஒரு வேலியின் மேல் ஓர் ஏணி குறுக்காகக் கிடக்கிறது. இரண்டு முனையிலும் பொலிஸ்காரர்கள் பிடித்து இழுக்கிறார்கள்; நடுவில் கீற்றன். பாரம் கூடிய பக்கம் ஏணி சாய்கிறது, அவர் மற்றப் பக்கம் நகர்கிறார், அங்கும் ஆள் கூடுகிறது. ஒரு வார்த்தை தேவையில்லை. தேவையானது ஒன்றுதான்: முழு ஏணியும், இரு முனையும், நடுவிலுள்ள ஆளும் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரு முனை திரைக்கு வெளியே போனால் பகிடி அங்கேயே செத்துப்போகும்.

ஹொங்கொங்காரர் இதனோடு சேர்த்தது தாளம். ஜாக்கி சான், சம்மோ ஹங், யுவென் பியாவ் மூவரும் சிறுவயதில் யூ ஜிம்-யுவென் என்ற ஆசானின் பீக்கிங் ஒப்பேரா (சீன மரபு இசைநாடக)ப் பள்ளியில் ஒன்றாக வளர்ந்தவர்கள். அந்த அரங்கில் சண்டை என்பது மேளத்துக்கும் தட்டுத்தாளத்துக்கும் ஆடப்படுவது. இரண்டு மூன்று அடிகள் வேகமாக, பிறகு ஒரு கணம் சிலைபோல நிற்பு, மறுபடி வேகம். அந்த நிற்பில்தான் யார் எங்கே நிற்கிறார், அடுத்த ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று கண் கணக்கெடுத்துக்கொள்கிறது.

நம் மட்டக்களப்பு வடமோடிக் கூத்துப் பார்த்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. வட்டக்களரியில் போருக்கு வரும் இருவர் மத்தளத்தின் தாளக்கட்டுக்கு ஆடி, தாளம் தீர்ந்த இடத்தில் நின்று, பாட்டுப் படித்து, மறுபடி ஆட்டத்தில் இறங்குவார்கள். கூத்தை நடத்தும் அண்ணாவியார் தாளம் தீர்க்குமுன் ஆட்டக்காரர் நின்றுவிட்டால் சபை முகம் சுளிக்கும். தீர்த்த பிறகும் அவர் தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தால் சபை சிரிக்கும். அந்த இரண்டாவது சிரிப்பைத் தெரிந்தே உண்டாக்குவதுதான் ஜாக்கி சானின் வித்தை. சண்டை ஓய்ந்து எல்லோரும் நின்றபின், அவருக்கு மட்டும் வலி ஒரு கணம் பிந்தி வந்து சேரும். திரும்பி நின்று யாருக்கும் தெரியாமல் கையை உதறுவார். வீரமும் பகிடியும் ஒரே உடம்பில் அடுத்தடுத்த அசைவுகளாக இருப்பதால்தான் அந்தச் சிரிப்புக் கைத்தட்டலோடு வருகிறது.

படத்தொகுப்பிலும் இதே தாளம் இருக்கிறது. ஹொலிவூட்டின் பொதுவழக்கம், கை முகத்தில் படும் அதே பிரேமில் (பிலிமின் ஒரு தனிப் படத்தில்) வெட்டி அடுத்த ஷொட்டுக்குப் போவது. அடியின் கனம் இரண்டு ஷொட்டுக்கும் இடையில் விழுந்து காணாமற் போகும். ஹொங்கொங் வழக்கம் வேறு. தூர ஷொட்டில் அடி பட்டதைக் காட்டிவிட்டு, கிட்டத்து ஷொட்டை இரண்டு மூன்று பிரேம் பின்னுக்கு இழுத்து அதே அடியை மறுபடி படவைப்பார்கள். வினாடிக்கு 24 பிரேமில் மூன்று என்பது வினாடியின் எட்டிலொரு பங்கு. அது திரும்ப வந்ததாகக் கண்ணுக்குத் தெரியாது, பலமான அடி என்று மட்டும் தெரியும். ஐந்தாறு பிரேம் இழுத்தால் இரண்டு அடியாகிவிடும். அப்போது சிரிப்பு வரும், ஆனால் நீங்கள் கேட்ட சிரிப்பாக இருக்காது.

வேகத்திலும் ஒரு சின்னக் களவு உண்டு. கமராவை 24 க்குப் பதிலாக 22 பிரேமில் ஓட்டினால் திரையில் எல்லாம் நூற்றுக்கு 9 வீதம் வேகமாகும். 20 இல் ஓட்டினால் 20 வீதம். முதலாவதை யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். இரண்டாவதில் சட்டை படபடப்பதும் தூசி அடங்குவதும் காட்டிக்கொடுத்துவிடும்.

இவையெல்லாம் ஒன்றுசேர்ந்த படம் 1985 இன் "பொலிஸ் ஸ்டோரி". ஹொங்கொங் திரைப்பட விருதுகளில் சிறந்த படமாகத் தெரிவானது. மலைச்சரிவில் தகரமும் பலகையுமாக நிற்கும் குடிசைகளை இடித்துத் தள்ளிக்கொண்டு கார்கள் இறங்கும் அதன் தொடக்கத்தை 2003 இல் "பாட் போய்ஸ்" இரண்டாம் படம் எடுத்தாண்டது. தனியொருவராக வீதி நடுவில் நின்று துப்பாக்கியை நீட்டி பஸ்ஸை நிறுத்தும் இடத்தை, பஸ்ஸுக்குப் பதிலாகத் தாங்கி லொறியை வைத்து 1989 இல் "டாங்கோ அன்ட் காஷ்" எடுத்தது. இரண்டிலும் பணம் கூட, பயம் குறைவு. மூலத்தில் பஸ் நிற்கும்போது மேல்தட்டு முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே பறக்கும் ஆட்கள் கீழே நின்ற காரின்மேல் விழ வேண்டியவர்கள். பஸ் கணக்குப்போட்ட இடத்துக்கு முந்தியே நின்றுவிட்டது. தார்வீதியில் விழுந்தார்கள். அந்த ஷொட்டைத்தான் படத்தில் வைத்திருக்கிறார்கள்.

கடைசிச் சண்டை ஒரு வணிக வளாகத்தில். உடைந்த கண்ணாடியின் அளவைப் பார்த்துப் படப்பிடிப்புக் குழுவினரே "கிளாஸ் ஸ்டோரி" என்று பட்டம் வைத்தார்கள். மின்குமிழ்கள் சுற்றிய நெடுங்கம்பத்தில் ஜாக்கி சான் மேல்மாடியிலிருந்து கீழ்த்தளம் வரை வழுக்கி இறங்கியபோது கைத்தோல் எரிந்தது. முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் காயம். அந்த இறக்கம் திரையில் வெவ்வேறு கோணத்தில் மூன்று தடவை வரும். வீண்பெருமை என்று சிலர் சொல்வார்கள். அது சாட்சி. ஒரு கோணம் பொய் சொல்லலாம், மூன்றும் சேர்ந்து சொல்ல முடியாது.

அந்தப் படத்தைப் பற்றிப் பேசுபவர்கள் கம்பத்தைச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை மறந்துவிடுகிறார்கள். அதே ஆள், அதே படத்தில், பொலிஸ் நிலையத்தில் தனியாக இருந்துகொண்டு ஒரே நேரத்தில் அடிக்கும் பல தொலைபேசிகளுக்குப் பதில் சொல்கிறார். ஒரு ரிசீவர் காதில், ஒன்று தோளில், ஒன்று மேசைக்குக் கீழே. வயர்கள் அவரையே சுற்றிக்கொள்கின்றன. ஒருவருக்குச் சொல்ல வேண்டிய பதில் இன்னொருவருக்குப் போகிறது. இதில் அடியும் இல்லை, உடைவும் இல்லை. ஆனால் கை எங்கே போய் எப்போது திரும்ப வேண்டும் என்ற கணக்கு, நான்கு பேரோடு சண்டை போடும் கணக்கேதான். அந்தக் காட்சியைச் செய்ய முடிந்தவரால்தான் கம்பத்துக் காட்சியிலும் நம்மைச் சிரிக்கவும் பதறவும் வைக்க முடிகிறது.

கண்ணாடியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மெல்லியதுதானே என்று யன்னல் கண்ணாடியை உடைத்துக் குறும்படம் எடுக்கிறார்கள். செய்யவே கூடாது, நரம்பு அறுந்தால் தைத்தாலும் விரல் பழையபடி மடங்காது. சினிமாவில் நெடுங்காலமாக உடைத்தது சீனிப்பாகில் செய்த கண்ணாடி. சீனி மூன்றரைக் கோப்பை, தண்ணீர் இரண்டு கோப்பை, பேக்கரிச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் குளுக்கோஸ் பாகு ஒரு கோப்பை. சீனி கரையும்வரை துழாவி, கொதி வந்தபின் அகப்பையை எடுத்துவிட வேண்டும். அதற்குமேல் துழாவினால் சீனி மணிமணியாகத் திரும்பிக் கண்ணாடி வெள்ளையாகப் பூக்கும். குளுக்கோஸ் சேர்க்காவிட்டாலும் அதேதான். பலகாரத்துக்கு வைக்கும் கம்பிப் பதத்தை நன்றாகத் தாண்டி 150 பாகை செல்சியசுக்குப் போக வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் ஒரு துளியைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டுப் பாருங்கள்: வளைந்தால் காணாது, சத்தத்தோடு முறிந்தால் சரி. 160 ஐத் தாண்டினால் பழுப்பாகும். போத்தலுக்கு அது நல்ல நிறம், யன்னலுக்கு உதவாது. எண்ணெய் பூசிய விளிம்புத் தட்டில் 3 அல்லது 4 மில்லிமீற்றர் தடிப்பில் ஊற்றி ஆறவிட வேண்டும்.

வாவிக்கரைக் காற்றில் இது சில மணித்தியாலத்திலேயே வியர்த்து ஒட்டத் தொடங்கும். அதனால் காலையில் ஊற்றி, காற்றுப் புகாமல் மூடிவைத்து, அன்றே உடைத்துவிட வேண்டும். கொதிபாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டே எரிக்கும். பக்கத்தில் ஒரு வாளி குளிர்ந்த தண்ணீர் இருக்கட்டும். ஆறிய பின்னும் விளிம்பு வெட்டும். தடிப்புக் கூடக்கூட ஆழமாக வெட்டும். "பொலிஸ் ஸ்டோரி"யில் கண்ணாடி நிசமாகத் தெரிய வேண்டுமென்று வழக்கத்தைவிடத் தடிப்பாக ஊற்றினார்கள், அதற்குரிய காயங்களையும் வாங்கிக்கொண்டார்கள். கண் மட்டத்தில் ஒருபோதும் உடைக்காதீர்கள்.

அமெரிக்கப் படங்களின் பலம் வாயில். வால்ற்றர் ஹில்லின் "48 அவர்ஸ்" (1982) எடி மர்பியின் முதற்படம்; பிறகு 1984 இல் மார்ட்டின் ப்ரெஸ்ட் இயக்கிய "பெவர்லி ஹில்ஸ் கொப்". அதன் நாயகப் பாத்திரம் மர்பிக்கு முன் சில்வெஸ்டர் ஸ்டலோனுக்கென்று இருந்தது. அவர் விலகியபின் மர்பி வந்தார். ஸ்டலோன் நடித்திருந்தால் சுட்டுத்தள்ளிவிட்டுப் போகும் படமாக முடிந்திருக்கும். டெட்ரொயிட்டிலிருந்து விடுப்பில் வரும் அக்ஸல் ஃபோலிக்கு பெவர்லி ஹில்ஸில் சீருடையும் இல்லை, அதிகாரமும் இல்லை. ஒவ்வொரு கதவையும் பொய் சொல்லித்தான் திறக்க வேண்டும். அவரைக் கண்காணிக்க அனுப்பப்பட்ட இரண்டு உள்ளூர்ப் பொலிஸாரும் எல்லாவற்றையும் விதிப்புத்தகப்படி செய்பவர்கள். காருக்குள் காவலிருக்கும் அவர்களுக்குத் தன் ஹோட்டலிலிருந்து சாப்பாடு அனுப்பிவைத்து, அந்த இடைவெளியில் புகைக்குழாயில் வாழைப்பழத்தைச் செருகிவிட்டு நழுவுகிறார்.

இந்தப் படத்தை எழுதியவர்களின் கெட்டித்தனம், அந்த இருவரையும் முட்டாளாக்காததில் இருக்கிறது. அவர்கள் ஏமாறுகிறார்கள், ஆனால் படிக்கிறார்கள். கடைசியில் அவர்களுடைய லெப்டினன்டே தன் மேலதிகாரிக்கு முன்னால் நின்று பொய் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறார். ஏமாறுகிறவர் மீது மரியாதை மிஞ்சினால்தான் இரண்டாம் தடவையும் பார்க்கலாம். ஹரோல்ட் ஃபால்ட்டமேயரின் சின்தசைசர் மெட்டு வேறு. 2005 இல் தவளை ஒன்று மொபைல் மணியாக அதைப் பாடிக்கொண்டு வந்தபோது, படத்தைப் பார்க்காத பிள்ளைகளுக்கும் மெட்டுத் தெரிந்திருந்தது. 2024 இல் நான்காம் படம் வந்தது. மெட்டு அதிலும் உண்டு, துடிப்பு முதலாவதில் மட்டும்.

"பொலிஸ் அக்கடமி" பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1984 இலிருந்து ஏழு படங்கள். மைக்கல் வின்ஸ்லோ வாயால் எழுப்பும் சத்தங்கள் மட்டும் இன்றும் புதிதாக இருக்கின்றன. லெஸ்லி நீல்சனின் "நேக்கட் கன்" (1988) வேறு சாதி. நீல்சன் பல வருடம் கண்டிப்பான வேடங்களில் நடித்தவர். அந்த முகத்தை மாற்றாமலே தலைகீழான காரியங்களைச் செய்தார். தான் பகிடி விடுவதாக அவருக்கே தெரியாதது போலத்தான் எல்லாம் நடக்கும். அதன் மூலமான தொலைக்காட்சித் தொடர் 1982 இல் ஆறு பகுதிகளோடு நிறுத்தப்பட்டது. காரணம் ஊகிக்கக்கூடியது: பகிடிகளில் பாதி, பேசுகிறவருக்குப் பின்னால் நடக்கும். சமைத்துக்கொண்டே தொலைக்காட்சி பார்ப்பவருக்கு அது தெரியாது. தியேட்டரில் வேறெங்கும் பார்க்க இடமில்லை, ஆகவே அதே வித்தை அங்கே எடுபட்டது. 2025 இல் லியாம் நீசனை வைத்து மறுபடி எடுத்தபோதும் கண்டிப்பு முகக்காரர் ஒருவரைத்தான் தேடிப் பிடித்தார்கள்.

தமிழ்ப் படங்களுக்கு வருவோம். நகைச்சுவைப் பொலிஸ் நம்மிடம் இல்லாமலில்லை. "அபூர்வ சகோதரர்கள்" (1989) படத்தில் ஜனகராஜின் இன்ஸ்பெக்டர் பிழையான முடிவுக்கு மேல் பிழையான முடிவாக அடுக்க, பக்கத்தில் நிற்கும் கொன்ஸ்டபிள் ஒவ்வொன்றுக்கும் மெய்மறந்து போவார். கிரேசி மோகனின் வசனத்தில் அதிகாரத்தையும் அதற்குத் தாளம் போடுபவரையும் ஒருசேரக் கேலிசெய்த காட்சிகள் அவை. "மருதமலை"யில் (2007) வடிவேலுவின் பொலிஸ்காரர் ஏகாம்பரத்தை யாரும் மறக்கவில்லை. குறை எங்கே என்றால், சண்டை ஒருவருக்கும் சிரிப்பு இன்னொருவருக்கும் பங்குபிரிக்கப்பட்டுவிடுகிறது. அதே படத்தில் அர்ஜுன் அடிப்பார், வடிவேலு அடிவாங்குவார்; இரண்டும் ஒரே நிலையத்தில் நடந்தாலும் ஒன்றையொன்று தொடாது. நாயகன் வழுக்கி விழுந்தால் விசில் குறைந்துவிடும் என்ற பயம். பயந்தாங்கொள்ளி ஒரே ஒரு அடியைச் சரியாக அடித்தால் பாத்திரம் கெட்டுவிடும் என்ற பயம் இன்னொன்று. அதனால் தமிழில் சிரிப்புத் துண்டுகள் சாகாமல் இருக்கின்றன, சண்டைகள் அடுத்த வருடமே மறந்துபோகின்றன.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் குறும்படம் எடுக்கும் பிள்ளைகளுக்குத்தான் இனிச் சொல்ல வேண்டியது. உங்கள் பொலிஸ் பகிடிகள் எடுபடாததற்குப் பணம் காரணமில்லை. கமராவை ஆட்டுகிறீர்கள், கிட்டப் போகிறீர்கள், வினாடிக்கொரு வெட்டு. யார் எங்கே நிற்கிறார் என்று தெரியாதவர் எப்படிச் சிரிப்பார்? துரத்தலென்றால் முதலில் இடத்தைக் காட்டுங்கள். கல்லடியில் பழைய பாலமும் புதிய பாலமும் பக்கத்தில் பக்கமாக நிற்கின்றன. ஒன்றில் கள்ளன், மற்றதில் கொன்ஸ்டபிள். ஒருவரையொருவர் நன்றாகப் பார்க்கலாம், பேசலாம், தொட முடியாது. கள்ளன் திரும்பி ஓட, இவரும் திரும்பி ஓட வேண்டும். கரையில் முக்காலியில் கமராவை அசையாமல் நிறுத்தி, இரண்டு பாலமும் முழுதாகத் தெரிய எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. மருதமுனையில் தறிக் கொட்டிலுக்குள் நீளமாக இழுத்துக் கட்டிய பாவு நூல். வயலில் ஒருவர் மட்டும் நடக்கக்கூடிய வரம்பும் விதைத்த சேறும். ஹொங்கொங்காரருக்கு இவை கிடைத்திருந்தால் விட்டிருக்கமாட்டார்கள்.

அடி எடுபட: கை முகத்துக்கு ஒரு சாண் முன்னால் கடந்து போகட்டும். கமரா, கையும் முகமும் ஒரே கோட்டில் வரும்படி, அடிப்பவரின் தோளுக்குப் பின்னாலோ வாங்குபவரின் தலைக்குப் பின்னாலோ நிற்க வேண்டும். பக்கவாட்டில் நின்றால் அந்த ஒரு சாண் இடைவெளி தெரிந்துவிடும். அடியை நம்பவைப்பவர் அடிப்பவரல்ல, வாங்குபவர். தலை முதலில் திரும்பி, பிறகு தோள், பிறகு கால். மூன்றும் ஒன்றாகத் திரும்பினால் தள்ளிவிட்டது போலிருக்கும். சட்டையில் முகப்பவுடர் கொஞ்சம் தட்டிவிட்டால் நெஞ்சில் படும் அடி புகையாகத் தெரியும். சுண்ணாம்பு வேண்டாம், கண் போய்விடும். நம்மூர் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். டியூப் லைட்டுக்குக் கீழே 30 பிரேமில் எடுத்தால் திரையில் கரும்பட்டைகள் ஓடும்; 25 பிரேமும் ஷட்டர் 50 இலொரு வினாடியும் வைத்தால் ஓடாது. பிறகு கணினியில் சண்டையை மட்டும் நூற்றுக்கு எட்டு வீதம் வேகப்படுத்திக் கொள்ளுங்கள். விழும் காட்சி தன் உயரத்துக்கு மேல் வேண்டவே வேண்டாம். அந்த உயரத்துக்குள்ளும் வெற்றுக் காட்போட் பெட்டிகளை இரண்டு அடுக்காக வைத்து, சுற்றிக் கயிறு கட்டி, மேலே மெத்தை போடுங்கள். கயிறு கட்டாவிட்டால் பெட்டிகள் இரண்டு பக்கமும் விலகி, விழுபவர் நடுவால் தரைக்குப் போய்விடுவார்.

சீருடை போட்டு வீதியில் எடுப்பதென்றால் உள்ளூர்ப் பொலிஸ் நிலையத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவித்து அனுமதி பெறுங்கள். படத்துக்காக ஓடுகிறவரைப் பொதுசனம் நிசக் கள்ளனென்று பிடித்து அடித்தால் அந்த அடிக்கு எடிட்டிங் கிடையாது. உங்கள் கொன்ஸ்டபிளுக்குச் சென்னைத் தமிழ் எதற்கு? "என்னகா, மறுகா வாறன்" என்று நம்மூர்ப் பேச்சிலேயே அவர் பேசட்டும். ஆளின் நிறத்தையும் பருமனையும் வைத்துச் சிரிப்பு மூட்டுவதையும் விட்டுவிடுங்கள்; பகிடி கிடைக்காத இடத்தில்தான் அது வரும். உண்மையான பகிடி நம் பொலிஸ் நிலையத்திலேயே கிடக்கிறது. முறைப்பாடு தமிழில், எழுதுவது சிங்களத்தில், நடுவில் அரைகுறையாக மொழிபெயர்க்கும் மூன்றாமவர், அதற்குள் 119 என்ற பொலிஸ் அவசர இலக்கத்திலிருந்து வரும் அழைப்பு. ஜாக்கி சானின் தொலைபேசிக் காட்சியைவிடச் சிக்கலானது. அதில் கசப்பும் இருக்கிறது, இருக்கட்டும். தைரியமும் நிதானமும் உள்ள ஒருவர் எழுதினால் சிங்களப் பார்வையாளரும் சேர்ந்து சிரிப்பார்.

கடைசியாகத் தொலைக்காட்சிகள். பெயர் சொல்லத் தேவையில்லை, பலரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள். அகலத்திரைப் படத்தை வீட்டுத் திரை முழுவதும் நிரப்புவதற்காகப் பக்கங்களை வெட்டுகிறார்கள். 2.35 க்கு 1 என்ற அகலத்தை 16 க்கு 9 ஆக்கினால் ஏறத்தாழக் காற்பங்கு படம் போய்விடும். அந்தக் காற்பங்கில்தான் அடிக்க வருபவர் நிற்கிறார். கீற்றன் காலத்துச் சதுரப்படத்தையோ மூன்றிலொரு பங்கு அகலமாக இழுத்து, ஆட்களைப் பூசணிக்காய் ஆக்குகிறார்கள். மேலும் கீழும், அல்லது இரு பக்கமும் கறுப்பாக விட்டால் யாருக்கும் நட்டமில்லை. தமிழில் குரல் கொடுப்பவர்கள் இடைவெளியெல்லாம் பேச்சால் நிரப்புகிறார்கள். ஜாக்கி சான் வலியை அடக்கிக்கொண்டு நிற்கும் அந்த ஒரு கணத்துக்கு வசனம் எழுதிய புண்ணியவான் யாரோ. பெயர்ப்பட்டியல் தொடங்கியதும் படத்தை நிறுத்திவிடுகிறார்கள். தவறிய சாகசங்களும் தூக்கிச் செல்லப்படும் ஆட்களும் வருவது அந்தப் பட்டியலோடுதான். விளம்பரத்தைத் துரத்தல் தொடங்குமுன் போடலாம், முடிந்தபின்னும் போடலாம். நடுவில் போட்டால் வரும்போது கள்ளன் எந்தத் தெருவில் நின்றான் என்பதே மறந்துபோகிறது.

இதில் தங்கள் பத்திரிகையால் ஆகக்கூடிய உதவி ஒன்று உண்டு. நிகழ்ச்சி நிரலில் படத்தின் பெயரோடு அது வந்த ஆண்டையும் முழு நீளத்தையும் நிமிடக் கணக்கில் அச்சிடுங்கள். "பெவர்லி ஹில்ஸ் கொப்" 105 நிமிடம், "நேக்கட் கன்" 85 நிமிடம். விளம்பர நேரத்தைக் கழித்துப் பார்த்தால் எத்தனை நிமிடம் வெட்டுப்பட்டதென்று வாசகர்களே கணக்குப் பார்த்து அந்தந்த அலைவரிசைக்கு எழுதுவார்கள்.

இப்படிக்கு,
வாசகன்,
கல்லடி, மட்டக்களப்பு.